உஷார்! மார்ச் வெயிலை நம்பி ஷவலை உள்ளே தூக்கிப் போடாதீர்கள்

நியூஜெர்சி, நியூயார்க், பாஸ்டன், டொராண்டோ, மான்ட்ரியல் பக்கம் இருப்பவர்களும், அங்கே பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்திருக்கும் பெற்றோரும் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். கடைகளில் பனி அள்ளும் ஷவல் இருந்த இடத்தில் பூச்செடியும் உரமூட்டையும் வந்து உட்கார்ந்தாயிற்று. பாதி வீடுகளில் கனமான கோட்டு பேஸ்மென்ட்டுக்குப் போய்விட்டது. ஸ்நோ டயரைக் கழற்ற நாள் குறித்தாயிற்று. கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டதால் சாயந்தரம் ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. எல்லாம் சரி, பனிக்காலம்தான் இன்னும் முடியவில்லை. இந்த வட்டாரத்தின் மிகக் கொடிய பனிப்புயல்கள் சில மார்ச்சில்தான் அடித்திருக்கின்றன. ஏப்ரலிலும் அடித்திருக்கின்றன.

2018-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 21 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 78 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 25 செல்சியஸுக்கும் மேல். பிப்ரவரியில் அப்படி ஒரு வெயிலா என்று ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. பத்து நாள்கூட ஆகவில்லை, மார்ச் 2-ஆம் தேதி முதல் நாரீஸ்டர் வந்தது. கடலோரமாக ஏறி, வடகிழக்குக் காற்றை முகத்தில் அறைகிற அந்த வகைப் புயல். அதில் போன கரன்ட் பல வீடுகளுக்குத் திரும்பி வருவதற்குள் மார்ச் 7-இல் இரண்டாவது வந்து நின்றது. வட நியூஜெர்சியில் சில ஊர்களில் இரண்டடிக்கு மேல் பனி. அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் சென்ட்ரல் பார்க்கில் சில அங்குலம் மட்டும். அதே புயலில் ஓஷன் கவுன்ட்டியில் பள்ளிக்கூடத்துக்கு வெளியே குடையோடு நின்ற ஆசிரியை ஒருவரை மின்னல் தாக்கியது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். மூன்றாவது புயல் பாஸ்டன் பக்கம் போனது. நான்காவது மார்ச் 21 அன்று, வசந்தம் பிறந்துவிட்டதாக நாட்காட்டி சொன்ன மறுநாள், நியூயார்க்கில் எட்டு அங்குலத்துக்கு மேல் கொட்டிவிட்டுப் போனது. மூன்று வாரத்தில் நான்கு புயல்.

பிப்ரவரி வெயிலுக்கும் மார்ச் பனிக்கும் பகை எதுவும் கிடையாது. இரண்டும் ஒரே வானத்தில் ஒரே சமயத்தில் இருப்பதுதான் ஆபத்து. மார்ச் மாதம் கனடாவின் வடக்கே துருவக் குளிர் இன்னும் கலையாமல் கிடக்கும். தெற்கே மெக்சிகோ வளைகுடாப் பக்கம் வெயில் ஏறி, ஈரக்காற்று திரண்டு நிற்கும். கிழக்கே கரையை ஒட்டி ஓடும் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டமோ குளிர்காலம் முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும். குளிருக்கும் வெப்பத்துக்கும் இடையிலான இந்த வித்தியாசம்தான் கரையோரப் புயலுக்குத் தீனி. வித்தியாசம் எவ்வளவு குறுகலான இடத்துக்குள் நெருக்கப்படுகிறதோ, புயல் அவ்வளவு வேகமாக ஆழமாகும். அதனால் முந்தின நாள் வெயில் நன்றாக அடித்தது என்பது புயல் வராது என்பதற்கு அடையாளமே இல்லை.

இதற்குப் பழைய சாட்சி 1888 மார்ச். அந்த மாதத் தொடக்கத்தில் நியூயார்க்கில் இதமான பருவம். 11-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மழைதான் பெய்தது. நள்ளிரவுக்குப் பிறகு மழை பனியாக மாறியது. காற்று எழுந்தது. திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பியவர்கள் பாதி வழியில் அகப்பட்டுக்கொண்டார்கள். உயரப் பாலத்தில் ஓடிய ரயில்கள் அப்படியே நின்றுவிட்டன. வானிலையைக் கவனிக்கும் வேலை அப்போது ராணுவத்தின் சிக்னல் சர்வீஸிடம் இருந்தது. இப்படி ஒன்று வருகிறது என்று அவர்கள் எச்சரிக்கவில்லை. நகரத்தில் 21 அங்குலம், ஆல்பனியில் ஏறக்குறைய 47 அங்குலம், சரடோகா ஸ்பிரிங்ஸில் 58 அங்குலம். மொத்தம் 400 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் பாதிப் பேர் நியூயார்க் நகரத்தில் மட்டும்.

செத்தவர்களில் ராஸ்கோ கான்கிளிங் என்று ஒரு பெரிய மனிதர். முன்னாள் செனட்டர், பேர்பெற்ற வழக்கறிஞர், வயது 58, நல்ல திடகாத்திரம். திங்கட்கிழமை சாயந்தரம் வால் ஸ்ட்ரீட் அலுவலகத்திலிருந்து கிளம்பினார். வண்டிக்காரர் கேட்ட வாடகை அநியாயம் என்று நடக்கத் தொடங்கினார். ஏறக்குறைய மூன்று மணி நேரம் பனியோடு மல்லுக்கட்டி, இடுப்பளவுக் குவியலில் சிக்கி மீண்டு, தன் கிளப்பின் வாசலுக்கு வந்து விழுந்தார். பிறகு உடம்பு தேறவேயில்லை. ஏப்ரல் 18 அன்று இறந்துபோனார். வழக்கமாக நடக்கிற தெரு, பழக்கப்பட்ட தூரம், ‘நமக்கு என்ன ஆகும்’ என்ற தைரியம். மார்ச் பனியில் இன்றைக்கும் ஆட்கள் சாவது இப்படித்தான். அந்தப் புயலில் அறுந்து விழுந்த தந்திக் கம்பிகளைப் பார்த்துத்தான் நியூயார்க் தன் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோக முனைந்தது. 1897-இல் பாஸ்டனிலும் 1904-இல் நியூயார்க்கிலும் சுரங்க ரயில் வந்ததற்கும் அந்த மூன்று நாட்கள் ஒரு தூண்டுதல்.

இப்போது செயற்கைக்கோள் இருக்கிறது, கணினி இருக்கிறது, கையில் ஃபோன் இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். புயல் வருவது தெரிந்துவிடும். 1993 மார்ச் 12 முதல் 14 வரை அடித்த புயலை அமெரிக்கத் தேசிய வானிலை சேவை ஏறக்குறைய ஐந்து நாள் முன்பே சொல்லிவிட்டது. முதல் பனி விழுவதற்கு முன்பே சில மாநிலங்கள் அவசரநிலை அறிவித்தன. அதுவரை அப்படி நடந்ததில்லை. அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஓரடிக்கு மேல், நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் 43 அங்குலம். கிழக்குக் கரையின் பெரிய விமான நிலையங்கள் எல்லாம் ஏதோ ஒரு நேரத்தில் மூடிக் கிடந்தன. வடகிழக்குப் பனிப்புயல்களுக்குத் தரம் போட பால் கோசினும் லூயி உசெலினியும் பின்னாளில் உண்டாக்கிய அளவுகோலில் அந்தப் புயலுக்கு 13.2, உச்சபட்ச ஐந்தாம் வகை. அவ்வளவு சரியாகக் கணித்தும் 200-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பனியைக் கணித்தவர்கள் புளோரிடா கரையில் ஏறிய கடலைப் போதுமான அளவு எச்சரிக்கவில்லை. அங்கே தூக்கத்திலேயே தண்ணீர் வந்து வாரிக்கொண்டு போனது.

ஆக, புயல் வருமா என்ற கேள்விக்கு இன்று ஓரளவு நல்ல பதில் கிடைக்கிறது. உங்கள் தெருவில் மழையா, பனியா, எத்தனை அங்குலம் என்ற கேள்விதான் மார்ச்சில் வானிலையாளர்களைத் தூங்கவிடாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் முன்னறிவிப்பைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

முதலில் பாதை. வடக்கே 40 டிகிரி, மேற்கே 70 டிகிரி என்று கடலுக்குள் ஒரு புள்ளி, நான்டக்கெட் தீவுக்குக் கொஞ்சம் தெற்கே. கரையோரப் புயல் அந்தப் புள்ளியை ஒட்டிப் போனால் ஃபிலடெல்ஃபியா முதல் பாஸ்டன் வரையுள்ள நகரங்களுக்குப் பனி. அதற்கு 80 கிலோமீட்டர் உள்ளே தள்ளி வந்தால் கடல் வெப்பம் புகுந்து நகரங்களில் மழை, மலைப்பக்கம் பனி. 80 கிலோமீட்டர் வெளியே விலகினால் நகரங்களில் வெறும் மேகம். பசிபிக் கடலிலிருந்து ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட்டு வரும் காற்றுச் சுழல் இந்த 80 கிலோமீட்டரில் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை நாலு நாள் முன்னால் உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஜனவரியிலும் இதே சிக்கல் உண்டு. ஆனால் ஜனவரியில் கரைப்பக்கக் காற்று கெட்டிக் குளிராக இருக்கும், கொஞ்சம் பிசகினாலும் விழுவது பனியாகவே இருக்கும். மார்ச்சில் காற்று பூஜ்ய டிகிரி செல்சியஸுக்கு ஒன்றிரண்டு மேலேயும் கீழேயும் ஊசலாடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது, பனி தனக்கு வேண்டிய குளிரைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். இதைப் பலர் அறிவதில்லை. வெளியே 4 டிகிரி, மழைதானே என்று நினைக்கிறோம். மேலிருந்து விழும் பனிச்சிதறல்கள் உருகுவதற்குச் சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றன. தூறலாக இருந்தால் அது கணக்கிலேயே வராது. கொட்டு கொட்டென்று கொட்டினால், ஒரு மணி நேரத்துக்குள் காற்று பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். கார் கண்ணாடியில் கவனித்துப் பாருங்கள். முதலில் துளி துளியாக ஓடும். பிறகு வைப்பர் ஓரத்தில் கூழாக ஒதுங்கும். அடுத்த கால் மணி நேரத்தில் வைப்பரே தூக்க முடியாமல் திணறும், சாலையின் கோடு மறைந்துவிடும். ஆபீஸிலிருந்து கிளம்பும்போது மழை, டர்ன்பைக்கில் ஏறும்போது பனி, வீட்டுக்கு நாலு எக்ஸிட் முன்னால் லாரி குறுக்கே நிற்கும். கனமான பனிப்பட்டைக்கு அடியில் மாட்டிய ஊருக்கு மணிக்கு இரண்டு மூன்று அங்குலம், பக்கத்து ஊருக்கு நனைந்த தரை. அந்தப் பட்டை எங்கே உட்காரும் என்பது பல நேரம் சில மணி நேரம் முன்னால்தான் தெரியும்.

இன்னொன்று சூரியன். மார்ச் 10 அன்று அடிக்கும் வெயிலும் அக்டோபர் 3 அன்று அடிக்கும் வெயிலும் ஒரே உயரத்திலிருந்து வருபவை. மேகத்தைத் தாண்டியும் தரையைச் சூடாக்கும். பகலில் லேசாகப் பெய்தால் தார்ச்சாலையில் ஒட்டாது, புல்லில் மட்டும் வெள்ளையாகத் தெரியும். அதே அளவு பனி ராத்திரி பெய்தால் சாலை மூடிவிடும். ஆகவே ‘ஆறு அங்குலம்’ என்று எண்ணை மட்டும் கேட்டுக்கொள்ளாதீர்கள். எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

பனியின் கனமும் ஒரே மாதிரி இருக்காது. சராசரியாகப் பத்து அங்குலப் பனியை உருக்கினால் ஓர் அங்குலத் தண்ணீர். கடுங்குளிரில் பதினைந்து இருபது அங்குலம் உருகினால்தான் ஓர் அங்குலம் தேறும், அது ஊதினால் பறக்கும் பொடி. மார்ச் பனி ஆறு ஏழு அங்குலத்திலேயே அவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் அளவைச் சரியாகக் கணித்தாலும் அங்குலக் கணக்கு இரண்டு மடங்கு பிசகிவிடலாம். அங்குலம் குறைந்துவிட்டதே என்று நிம்மதிப்பட ஒன்றுமில்லை, பாரம் குறையவில்லை.

இதெல்லாம் ஒன்றுசேர்ந்து வானிலையாளர்களைக் கவிழ்த்த நாள் 2017 மார்ச் 14. நியூயார்க் நகரத்துக்கு ஒன்றரை அடி முதல் இரண்டடி என்றார்கள். பள்ளிகள் மூடின, ரொட்டியும் பாலும் கடையில் இல்லை. விடிந்து பார்த்தால் கடல் காற்று எதிர்பார்த்ததைவிட உள்ளே வந்து, பனிக்கு பதில் கண்ணாடித் துண்டு மாதிரி ஸ்லீட் கொட்டியிருந்தது. சென்ட்ரல் பார்க்கில் 7.6 அங்குலம். முந்தின நாள் மதியமே சில கணிப்புகள் அளவு குறையும் என்று காட்டியிருந்தன. கடைசி நேரத்தில் எண்ணை மாற்றினால் ஜனங்கள் குழம்புவார்கள், அசட்டையாகிவிடுவார்கள் என்று வானிலை சேவையின் அலுவலர்கள் கலந்து பேசி, பெரிய எண்ணையே வைத்துக்கொண்டார்கள். இது பிறகு செய்தியாக வெளிவந்தது. அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த முடிவு தவறு என்றே சொல்வேன். ‘இரண்டடியும் வரலாம், அரையடியும் வரலாம், கடல் காற்றுதான் தீர்மானிக்கும்’ என்று சொல்லியிருந்தால் ஜனங்கள் தாங்கிக்கொண்டிருப்பார்கள். உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று மறைப்பதைவிட, சொல்லி எச்சரிப்பதே உயிரைக் காக்கும்.

நியூயார்க்கில் கேலி செய்துகொண்டிருந்த அதே நேரத்தில் அதே புயல் என்ன செய்தது தெரியுமா? மூன்று மணி நேரத் தூரத்தில் உள்ள பிங்ஹாம்டனை ஏறக்குறைய மூன்றடிப் பனியில் புதைத்தது. மான்ட்ரியலில் நெடுஞ்சாலை 13-இல் சுமார் 300 வண்டிகள் ராத்திரி முழுக்க நகர முடியாமல் நின்றன. நகரத்துக்குள்ளேயே, வீட்டுக்குப் போகிற வழியிலேயே, பெட்ரோல் தீரத் தீர, உதவிக்கு ஃபோன் அடித்து அடித்துக் காத்திருந்தார்கள். உதவி வந்துசேர விடியற்காலை ஆனது. இன்னொன்றும் கவனியுங்கள். கியூபெக் மாநிலத்தில் குளிர்கால டயர் போட்டே ஆகவேண்டும் என்ற சட்டம் மார்ச் 15 வரைதான். அந்தப் புயல் வந்தது மார்ச் 14 ராத்திரி. சட்டம் முடிகிற தேதியைப் பார்த்து டயரைக் கழற்றாதீர்கள், ராத்திரிக் குளிர் 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து நிற்கிறதா என்று பார்த்துக் கழற்றுங்கள்.

போன தடவை சொன்னார்கள், வரவில்லை. இந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு அதிகப் பயத்தைத் தருகிறது. 2001 மார்ச் தொடக்கத்திலும் ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் பக்கம் பெரிய பனி என்று ஊரை முடக்கினார்கள், வந்தது கொஞ்சம்தான். புயல் கொஞ்சம் வடக்கே தள்ளி நியூ இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டது. ஆனால் வந்த தடவைகளும் உண்டு. 1997-இல் ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 30 அன்று வந்தது. பாஸ்டனில் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய இளவெயில். மறுநாள் மழையாகத் தொடங்கியது சாயந்தரம் பனியானது. ஏப்ரல் 1 அன்று விடிந்தபோது இடியோடு கொட்டிக்கொண்டிருந்தது. மொத்தம் 25.4 அங்குலம், வூஸ்டரில் 33 அங்குலம். முட்டாள்கள் தினத்து வேடிக்கை என்று நினைத்தவர்களின் கார் நெடுஞ்சாலையில் கிடந்தது. 1982 ஏப்ரல் 6 அன்று நியூயார்க்கிலேயே 9.6 அங்குலம். டொராண்டோக்காரர்களுக்கு 2018 ஏப்ரல் நடுவில் அடித்த உறைமழை மறந்திருக்காது. சி.என். டவரிலிருந்து விழுந்த பனிக்கட்டி பக்கத்திலிருந்த பேஸ்பால் மைதானத்தின் கூரையையே ஓட்டை போட்டது, ஆட்டம் தள்ளிப்போனது. ஸ்கார்பரோவில் நம் ஆட்கள் சித்திரைப் பிறப்புக்குக் கோயிலுக்குக் கிளம்புகிற வாரம் அது.

சரி, இப்போது முன்னறிவிப்பை எப்படிப் பார்ப்பது? வாட்ஸ்அப்பில் பத்து நாளுக்கு அப்புறம் முப்பது அங்குலம் என்று ஊதாவும் சிவப்பும் பூசிய படம் வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அது ஏதோ ஒரு கணினியின் ஒரே ஒரு ஓட்டம். ஆறு மணி நேரம் கழித்து அதே கணினி வேறு படம் போடும். அந்தப் படங்களில் பல ஸ்லீட்டையும் பனிக் கணக்கில் சேர்த்து, பத்துக்கு ஒன்று என்று பெருக்கி வைத்திருக்கும். மார்ச்சில் அது பெரும் பொய். இங்கிலாந்தில் ரெடிங் நகரில் தலைமையகம் கொண்ட ஐரோப்பிய மையம் தொடக்க அளவீட்டைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஐம்பது தடவை ஓட்டிப் பார்க்கிறது. அமெரிக்கர்களும் கனடாக்காரர்களும் அப்படியே செய்கிறார்கள். ஐம்பதில் நாற்பது ஒரே பக்கம் சாய்கிறதா, ஆளுக்கொரு பக்கம் சிதறுகிறதா என்பதில்தான் செய்தி இருக்கிறது.

உங்கள் மாவட்டத்துக்கான வானிலை அலுவலகத்தின் பக்கத்துக்கு நேராகப் போங்கள். எடிசன், பிரின்ஸ்டன் பக்கம் இருந்தால் மவுன்ட் ஹாலி அலுவலகம். பெர்கன், எசெக்ஸ், நியூயார்க் நகரம் என்றால் லாங் ஐலண்டில் உள்ள அப்டன். குளிர்காலப் பக்கத்தில் மூன்று எண் கொடுப்பார்கள்: எதிர்பார்க்கும் அளவு, குறைந்தபட்சம், அதிகபட்சம். நடுவில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டுப் போகாமல் அந்த இரண்டு ஓரத்தையும் பாருங்கள். இரண்டுக்கும் ஒன்று பன்னிரண்டு என்று இடைவெளி இருந்தால், மழைக்கும் பனிக்கும் நடுவிலான கோடு உங்கள் வீட்டு மேலேயே போகிறது என்று அர்த்தம். அப்போது பெரிய எண்ணுக்குத் தயாராக இருப்பதுதான் புத்தி. அதே பக்கத்தில் ‘ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்’ என்று கணிப்பவர்களே தங்கள் சந்தேகத்தை எழுதி வைத்திருப்பார்கள். எதில் நம்பிக்கை, எதில் தயக்கம் என்று மறைக்காமல் சொல்வார்கள். வின்டர் ஸ்டார்ம் வாட்ச் வந்தால் இரண்டு நாள் கையில் இருக்கிறது, மருந்து, பால், பெட்ரோல் வாங்குங்கள். வார்னிங் வந்தபின் கடைக்குப் போகாதீர்கள்.

இனி வீட்டுக்குள். வசந்தம் பார்க்கலாம் என்று மார்ச்சில்தான் ஊரிலிருந்து அப்பா அம்மா, மாமனார் மாமியார் வருகிறார்கள். காலையில் எழுந்தால் மாமனார் வாசலில் நிற்பார். “நீங்க மீட்டிங்கப் பாருங்க மாப்பிள்ளை, சும்மாதானே உக்காந்திருக்கேன், இதை நான் தள்ளிடறேன்.” தயவுசெய்து விடாதீர்கள். “வேண்டாம் மாமா, கோவிச்சுக்காதீங்க, உள்ள வாங்க” என்று கையைப் பிடித்துக் கூட்டிவாருங்கள். கணக்கைப் பாருங்கள்: ஆறு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளமுள்ள டிரைவ்வேயில் ஓர் அங்குலத் தண்ணீர் அளவுக்குப் பனி கிடந்தால் அதன் எடை ஒன்றரை டன். ஒவ்வொரு ஷவலுக்கும் பத்துக் கிலோ. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் எகிறும். ஒவ்வொரு பனிப்புயலுக்குப் பிறகும் ஷவலும் கையுமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறவர்கள் உண்டு. நாற்பத்தைந்து தாண்டிய, சர்க்கரையோ பிரஷரோ உள்ள நம் ஆட்கள் இதைத் தங்களுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தூக்காதீர்கள், தள்ளுங்கள். நாலு அங்குலம் சேர்ந்ததும் ஒருமுறை, பிறகு மறுபடி ஒருமுறை என்று பிரித்துச் செய்யுங்கள். நகராட்சி வண்டி வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் உப்புக் கலந்த கூழை அன்றே அகற்றுங்கள், ராத்திரி உறைந்தால் கடப்பாரை வேண்டும். பக்கத்துத் தெருவில் மெஷின் வைத்திருக்கும் பையனுக்கு நாற்பது ஐம்பது டாலர் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஈரப்பனி கிளையில் ஒட்டும், கம்பியில் ஒட்டும். மரங்கள் மொட்டுவிட்டிருந்தால் இன்னும் அதிகம் பிடித்துக்கொள்ளும். ஆகவே மார்ச் புயலில் பவர் கட் ஜனவரியைவிட அதிகம் எதிர்பாருங்கள். இன்டக்ஷன் அடுப்பை நம்பியிருக்கும் வீடுகள் முதல் நாளே சோறும் இட்லியும் செய்து வைத்துவிடுங்கள். இன்சுலின் எடுப்பவர்கள், ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்கள் கரன்ட் கம்பெனியிடம் முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். ஜெனரேட்டரை கராஜுக்குள் ஓட்டவே கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. வீட்டிலிருந்து இருபது அடிக்கு அப்பால், ஜன்னல் இல்லாத பக்கமாக வையுங்கள். கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்து குளிர்காயாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கம் வருவது போலத்தான் இருக்கும்.

காரிலும் அதே எமன்தான். 2016 ஜனவரியில் நியூஜெர்சியின் பசேயிக்கில், அப்பா காரைச் சுற்றியிருந்த பனியை அள்ளிக்கொண்டிருக்க, கதகதப்புக்காக எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்த இளம் தாயும் குழந்தைகளும் இறந்துபோனார்கள். புகைக்குழாய் பனியில் அடைபட்டிருந்தது. எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் முதலில் பின்னால் போய் அந்தக் குழாயைச் சுற்றி அள்ளுங்கள். வழியில் மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான், அடிக்கடி இறங்கிப் பாருங்கள். கூரைமேல் இருக்கும் பனியையும் வழித்துவிட்டே எடுங்கள். நெடுஞ்சாலையில் அது பாளமாகப் பெயர்ந்து பின்னால் வருபவரின் கண்ணாடியில் போய் விழும். நியூஜெர்சியில் அப்படியே ஓட்டுவது அபராதத்துக்குரிய குற்றம்.

விமானத்தில் வருகிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெரிய புயல் உறுதியானால் விமான நிறுவனங்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் முன்பே கட்டணமில்லாமல் தேதி மாற்ற அனுமதிப்பார்கள். அன்றே மாற்றிவிடுங்கள். நெவார்க்கில் இறங்கி ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைவிட சென்னையில் இரண்டு நாள் கூட இருப்பது மேல்.

புயல் நின்றதும் வெயில் பளீரென்று அடிக்கும், அதோடு எல்லாரும் கதவைத் திறந்துவிடுவார்கள். மார்ச் புயலின் இரண்டாம் பாதி அப்போதுதான் தொடங்குகிறது. தெரு ஓரத்துச் சாக்கடை மூடியைப் பனி அடைத்திருந்தால் உருகும் தண்ணீர் பேஸ்மென்ட்டுக்குத்தான் வரும். கரன்ட் இல்லாவிட்டால் சம்ப் பம்ப் ஓடாது. மூடியை முதலில் தேடித் தோண்டிவிடுங்கள். அறுந்து தொங்கும் கம்பி எதுவானாலும் கிட்டப் போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். பகலில் உருகி ஓடிய தண்ணீர் ராத்திரி உறைந்து, தார் நிறத்திலேயே கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் படலமாகக் கிடக்கும். கடிகாரத்தை முன்னே தள்ளியதால் காலை ஏழு மணிக்கு மறுபடியும் இருட்டு வேறு. ஸ்கூல் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் உப்புத் தூவிவிட்டு, முதலில் நீங்கள் நடந்து பாருங்கள். பிறகு பிள்ளையை அனுப்புங்கள்.